நடையும் ஒரு மருந்தே!

"சர்க்கரை" என்றால் ஒரு காலத்தில் இனிப்பு என்றுதான் பொருள். இன்றோ, "அவருக்குச் சர்க்கரை" என்று யாராவது சொன்னால் அதன் பொருள் வேறு என்பதைச் சிறு குழந்தையும் அறியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடெங்கும் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளிவந்தன. அதன்படி நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர். மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அந்நோயின் வாசற்படியில் நிற்கின்றனர். எந்த வகுப்பில் நுழைந்து, "உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா?" என்று கேட்டாலும் பல கைகள் உயரும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மாமா, அத்தை என்று பதில்களும் வரும்.

அவ்வீடுகளில் மாத்திரை பெரும்பாலும் தவறுவதில்லை. காலையில் காபிக்குச் சர்க்கரை போடாமல் குடிக்கவும் பழகிவிட்டார்கள். ஆனால் டாக்டர் மூன்றாவதாக ஒன்றையும் சொல்லியிருப்பார்: "தினமும் நடக்க வேண்டும்." மாத்திரையின் பெயரும் அளவும் நேரமும் சீட்டில் இருக்கின்றன. நடையைப் பற்றி அவ்வாறு எழுதுவது அரிது. ஆகவே அதனை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை. நேரம் கிடைத்தால் நடக்கிறார்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுகிறார்கள்.

உண்மையில் நடையும் ஒரு மருந்தே. அதற்கு அளவு உண்டு, வேளை உண்டு, பத்தியமும் உண்டு. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டைக் காலத்து அறிவுரை

நீரிழிவுக்கு உடல் உழைப்பு வேண்டும் என்பது இன்று நேற்று கண்டறிந்த செய்தியன்று. பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சம்கிதையில் இதற்கான மருத்துவம் கூறப்பட்டுள்ளது. செல்வர்களுக்கு உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் கூறும் அந்நூல், ஏழை நோயாளியை நூறு யோசனைத் தூரம் கால்நடையாகச் செல்லும்படியும், கிணறு வெட்டும்படியும் கூறுகிறது. சோதனைச் சாலையோ இரத்தப் பரிசோதனையோ இல்லாத காலத்திலேயே, உட்கார்ந்தே வாழ்பவரை இந்நோய் அதிகம் பற்றும் என்று நம் முன்னோர் கண்டிருந்தனர்.

கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1921ஆம் ஆண்டு பிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைக் கண்டுபிடித்தனர். மறு ஆண்டு ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதுவரை குழந்தைகளுக்கு இந்நோய் வந்தால் மரணம் உறுதி என்ற நிலை இருந்தது, அந்நிலை மாறிற்று. இன்சுலின் வந்தபின் உடற்பயிற்சி தேவையற்றதாகிவிட்டதா? இல்லை. இங்கிலாந்து நாட்டு டாக்டர் ஆர்.டி. லாரன்ஸ் தாமே நீரிழிவு நோயாளி. இன்சுலினால் உயிர் பிழைத்தவர். உடற்பயிற்சி செய்யும்போது இன்சுலினின் ஆற்றல் கூடுகிறது என்பதை அவர் 1926ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற டாக்டர் எலியட் ஜாஸ்லின், நீரிழிவு சிகிச்சையை மூன்று குதிரைகள் பூட்டிய தேருக்கு ஒப்பிட்டார். உணவு, இன்சுலின், உடற்பயிற்சி என்பனவே அக்குதிரைகள். இரண்டு குதிரைகள் ஓட, ஒன்று மட்டும் படுத்துக் கொண்டால் தேர் எங்ஙனம் நேராகச் செல்லும்?

தசைகள் செய்யும் வேலை

நாம் உண்ணும் சோறும் இட்லியும் சப்பாத்தியும் வயிற்றில் செரித்துக் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தக் குளுக்கோஸ் உடலிலுள்ள உயிரணுக்களுக்குள் சென்றால்தான் நமக்குச் சக்தி கிடைக்கும். உயிரணுவின் கதவைத் திறந்து குளுக்கோஸை உள்ளே அனுப்பும் சாவியே இன்சுலின். அதைச் சுரப்பது வயிற்றின் பின்னால் உள்ள கணையம்.

சிலருக்குக் கணையம் இன்சுலினைச் சுரப்பதே இல்லை. இது முதல் வகை நீரிழிவு. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ வருவது. பெரும்பாலான பெரியவர்களுக்கு வருவது இரண்டாம் வகை. இவர்களிடம் சாவி இருந்தும் பூட்டுத் துருப்பிடித்துவிடுகிறது; கதவு எளிதில் திறப்பதில்லை. நாளடைவில் சாவியும் போதாமற் போகிறது. குளுக்கோஸ் உள்ளே நுழைய முடியாமல் இரத்தத்திலேயே தங்குகிறது. ஆண்டுக் கணக்கில் இவ்வாறு தங்கினால் கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் யாவும் பழுதடைகின்றன.

உணவுக்குப் பின் இன்சுலினின் உதவியால் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் குளுக்கோஸில் பெரும்பகுதியை வாங்கிக் கொள்பவை நம் தசைகள். அத்தசைகளுக்கு மற்றொரு வழியும் உண்டு என்பதை அறிவியல் கண்டுள்ளது. நடக்கும்போதும் ஓடும்போதும் பளு தூக்கும்போதும் சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவியின்றியே தன் கதவைத் திறந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக் கொள்கிறது. முன்வாசல் பூட்டிக் கிடந்தாலும் கொல்லைப்புறக் கதவு திறந்து கொள்வது போல!

நன்மை அத்துடன் முடிவதில்லை. பயிற்சி முடிந்த பின்னரும் ஏறத்தாழ ஒரு நாள் முதல் இரண்டு நாட்கள் வரை தசைகள் இன்சுலினுக்கு நன்கு இணங்கி நடக்கின்றன. இரண்டு நாட்களுக்குப் பின் அப்பலன் தேய்ந்துவிடுகிறது. ஆகவேதான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, மற்ற ஆறு நாட்களும் ஓய்வெடுப்பது பயன் தராது என்கின்றனர் மருத்துவர்கள். ஒரு வாரத்து மாத்திரையை ஒரே நாளில் விழுங்குவாருண்டோ?

சென்னையில் கண்ட உண்மை

இது மேல்நாட்டாருக்கு மட்டும் பொருந்தும் செய்தி என்று எண்ண வேண்டா. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்ற ஆய்வொன்றின் முடிவுகள் 2006ஆம் ஆண்டு வெளியாயின. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேர் அதில் கலந்து கொண்டனர். ஒரு பிரிவினருக்குப் பொதுவான அறிவுரை மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினர் உணவைத் திருத்திக் கொண்டு, நாள்தோறும் அரைமணி நேரமாவது விரைந்து நடக்குமாறு ஊக்குவிக்கப்பட்டனர். உழைப்பு மிகுந்த தொழில் செய்தோருக்கு அத்தொழிலே போதுமெனக் கொள்ளப்பட்டது.

மூன்றாண்டுகளின் முடிவில் முதற் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. வாழ்க்கை முறையை மாற்றிக் கொண்ட பிரிவில் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. மெட்பார்மின் மாத்திரை உட்கொண்ட வேறொரு பிரிவினருக்கும் ஏறக்குறைய இதே அளவு பலன்தான் கிட்டியது. உணவுக் கட்டுப்பாடும் நடையும் ஒரு மாத்திரைக்கு ஈடாக நின்றன என்பதே இதன் பொருள்.

இதனை இளையோர் மனத்தில் கொள்ள வேண்டும். பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால் பிள்ளைகளுக்கும் அது வரும் வாய்ப்பு அதிகம். ஒல்லியாகத் தோன்றும் இந்தியர்களுக்குக் கூட வயிற்றில் கொழுப்பு சேர்வதும் தசை குறைவாக இருப்பதும் உண்டு. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கும், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டால் எச்சரிக்கை தேவை. பாரம்பரியத்தை நாம் மாற்ற இயலாது. ஆயினும் நம் கால்கள் நம் வசமே உள்ளன.

எவ்வளவு? எப்போது?

வாரத்திற்கு 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட அளவு. நாளொன்றுக்கு 30 நிமிடங்களாக வாரத்தில் ஐந்து நாட்கள் நடந்தால் கணக்கு நேராகிவிடும். தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது.

மிதமான நடை எது என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவருடன் பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் நடை மெதுவானது. பேசவே மூச்சு வாங்கினால் நடை கடினமானது.

இதுவரை நடந்து பழக்கமில்லாதவர் முதல் நாளே அரைமணி நேரம் நடக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடங்களில் தொடங்கி, வாரத்திற்கு வாரம் இரண்டு மூன்று நிமிடங்கள் கூட்டிக் கொண்டே போகலாம். முப்பது நிமிடங்களையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. பத்துப் பத்து நிமிடங்களாக மூன்று வேளை நடக்கலாம்.

வேளையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. நியூசிலாந்து நாட்டின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரை இரு முறைகளில் நடக்கச் செய்தனர். ஒரு முறையில் நாளில் ஏதேனும் ஒரு நேரத்தில் 30 நிமிடம். மற்ற முறையில் மூன்று வேளை உணவுக்குப் பின்பும் பத்துப் பத்து நிமிடம். உணவுக்குப் பின் நடந்தபோது, சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின்னரோ 22 சதவீதம் குறைவு. நம் வீடுகளில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் தொலைக்காட்சி முன் அமர்ந்து, அப்படியே படுக்கைக்குச் செல்கிறோம். அந்தப் பத்து நிமிடம்தான் மிகுந்த பலன் தரும் பத்து நிமிடம்!

நடப்பதற்குத் திடலோ பூங்காவோ வேண்டுமென்பதில்லை. சாலையில் வண்டிகளும் நாய்களும் தொல்லை தருமானால் மொட்டை மாடி போதும். முற்றமோ வராந்தாவோ போதும். இடம் குறைவாக இருந்தால் சிலர் தரையில் எட்டு வரைந்து அதன்மேல் நடக்கிறார்கள். நேராக நடந்தாலும் எட்டுப் போட்டு நடந்தாலும் நம் தசைகளுக்கு வேலை கிடைப்பதே முக்கியம். கோடைக் காலத்தில் வெயில் ஏறுமுன் காலையிலும், வெயில் தாழ்ந்தபின் மாலையிலும் நடப்பது நல்லது. தண்ணீர் குடிக்க மறக்கலாகாது.

தசைக்கு வலு

நடை மட்டும் போதாது. தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், செய்ய வேண்டும். தசை பெருகினால் குளுக்கோஸைச் சேமிக்கும் களஞ்சியமும் பெரிதாகும் அல்லவா?

இதற்குக் கருவிகள் தேவையில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்து முறை செய்யலாம். சுவரில் இரு கைகளையும் ஊன்றி உடலைத் தள்ளி வரலாம். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ; அதனைக் கைக்கொன்றாகத் தூக்கி இறக்கலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். முழங்கால் வலி இல்லாதவர்கள் தோப்புக்கரணம் போடலாம். வகுப்பில் தண்டனை என்று நாம் முகம் சுளிக்கும் தோப்புக்கரணம், தொடைத் தசைகளுக்கு மிகச் சிறந்த பயிற்சி! எதைச் செய்தாலும் மூச்சைப் பிடித்துக் கொண்டு செய்யலாகாது.

வயது முதிர்ந்தவர்களுக்கு நிலை தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும், எளிய யோகாசனங்களும் நல்லவை. நீண்ட நேரம் உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் அரைமணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் உலாவ வேண்டும். விடைத்தாள் திருத்தும் ஆசிரியையருக்கும், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் அன்னையருக்கும், தேர்வுக்குப் படிக்கும் மாணவியருக்கும் இது பொருந்தும்.

"வீட்டு வேலையே போதாதா?"

நம் அன்னையரைக் கேட்டால், "காலை ஐந்து மணி முதல் நின்றுகொண்டே இருக்கிறேன். இதற்கு மேல் நடை வேறா?" என்பார்கள். அவர்கள் கூறும் களைப்பு உண்மை. வீட்டு வேலையால் பயன் இல்லை என்று எவரும் கூற முடியாது. சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆயினும் முன்பு அம்மியும் ஆட்டுக்கல்லும் உலக்கையும் கிணற்று வாளியும் தந்த பயிற்சியை இன்று மிக்சியும் கிரைண்டரும் மோட்டாரும் எடுத்துக் கொண்டன. அடுப்பின் முன் நிற்பதனால் கால் வலிக்கிறது. ஆனால் நாடித்துடிப்பு உயர்வதில்லை. இரண்டு நிமிடம் வேலை, ஒரு நிமிடம் நிற்றல் என்று துண்டு துண்டாகச் செய்யும் வேலையில் விரைவு நடையின் முழுப் பலன் கிட்டுவதும் அரிது. துணியைக் கையால் துவைத்தல், தரையை அழுத்தித் துடைத்தல், தோட்டத்தில் மண் கொத்துதல் போன்று மூச்சு வாங்கச் செய்யும் வேலைகள் கணக்கில் சேரும். மற்றவற்றிற்கு மேல் நடையும் வேண்டும்.

தடையாக நிற்பது பெரும்பாலும் நேரமே. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பா நடக்கச் செல்கிறார். அம்மா பாத்திரம் துலக்குகிறார். இருவருக்கும் சர்க்கரை இருந்தாலும் ஒருவருக்கே நடை கிடைக்கிறது. மாணவியரே, இங்கே நமக்கு ஒரு கடமை உண்டு. அந்தப் பத்து நிமிடப் பாத்திரங்களை நாமும் நம் சகோதரர்களும் ஏற்றுக் கொண்டால், அம்மாவுக்கு மருந்து கொடுத்த புண்ணியம் நம்மைச் சேரும்.

அளவு மீறினால்...

மருந்து என்றால் எச்சரிக்கையும் உடன் வர வேண்டும். இருதய நோய், மிகு இரத்த அழுத்தம், கண்ணில் விழித்திரைக் கோளாறு, காலில் புண் ஆகியவற்றுள் எதுவும் உள்ளவர்களும், நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்ட பின்னரே கடினமான பயிற்சிகளைத் தொடங்க வேண்டும். விழித்திரையில் இரத்தக் கசிவு உள்ளவர்கள் பெரும் பளு தூக்குவதும், சிரசாசனம் போன்று தலைகீழாக நிற்பதும் கூடாது. நீரிழிவு நோயாளருக்கு இதய நோய் சில வேளைகளில் நெஞ்சு வலியின்றியே வரும். வழக்கத்திற்கு மாறான மூச்சுத் திணறல், வியர்வை, தலைச்சுற்றல் தோன்றினால் உடனே நடையை நிறுத்தி மருத்துவ உதவி தேட வேண்டும்.

மிகவும் அறிந்திருக்க வேண்டியது தாழ்சர்க்கரை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதே அது. இன்சுலின் போட்டுக் கொள்பவர்களுக்கும், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு, கிளிகிளசைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் உடற்பயிற்சியின்போது இது நேரலாம். மெட்பார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மீண்டும் ஒரு முறை கொடுக்கலாம். பிறகு ஏதேனும் உணவு உட்கொள்ள வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மூச்சுக் குழலுக்குள் சென்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரைந்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

மேற்கூறிய மருந்துகளை உட்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. பயிற்சிக்கு முன் சர்க்கரை 100க்குக் கீழ் இருந்தால் ஒரு சிறு வாழைப்பழமோ இரண்டு மூன்று பிஸ்கட்டோ சாப்பிட்ட பின் தொடங்கலாம். சர்க்கரை 250க்கு மேல் இருந்து, உடல் நலமும் குன்றியிருந்தால் அன்று ஓய்வே நல்லது. முதல் வகை நோயாளர் அப்போது கீட்டோன் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். மாலையில் வெகுநேரம் உழைத்தவர்களுக்கு நள்ளிரவில் கூடச் சர்க்கரை இறங்குவதுண்டு என்பதையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். தவக்காலத்தில் ஒருசந்தி இருப்போர், மருந்தை உட்கொண்டு உணவை விட்டு நடப்பது பெரும் ஆபத்து. நோயுற்றோரை நோன்புக் கடமை கட்டுப்படுத்தாது. ஆகவே முன்கூட்டியே டாக்டரைக் கலந்து கொள்வதே முறை.

காலைக் காப்போம்

நீரிழிவு நரம்புகளைத் தாக்கும்போது பாதங்கள் மரத்துப் போகின்றன. முள் குத்தினாலும் தெரிவதில்லை; செருப்பு கடித்தாலும் வலிப்பதில்லை. வலியில்லாத அந்தச் சிறு காயமே புண்ணாகிச் சீழ்பிடித்து, சிலருக்குக் காலையே எடுக்க வேண்டிய நிலையைக் கொண்டு வருகிறது. நலம் தர வேண்டிய நடை இவ்வாறு துன்பமாக மாறலாகாது.

ஆகவே நீரிழிவு நோயாளர் வீட்டினுள்ளும் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதங்களுக்கு எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் வைத்த, பின்புறம் வார் உள்ள செருப்பு ஏற்றது. புதிய செருப்பை மாலையில் வாங்க வேண்டும். பகல் முழுவதும் நடமாடிய பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். போடுமுன் உள்ளே கல், ஆணி உண்டா என்று கையை விட்டுப் பார்க்க வேண்டும். நடந்து வந்தபின் பாதங்களைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரமின்றித் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். பாட்டிக்குக் கண் தெரியாவிட்டால் பேத்தி பார்த்துச் சொல்லட்டும்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்காகப் பல்லாயிரம் பேர் பாதயாத்திரை செல்கின்றனர். அவர்களுள் பலர் வெறுங்காலுடன் செல்வர். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சுடும் தார்ச்சாலையில் வெறுங்கால் நடை தகாது. செருப்பணிந்து, பையில் சர்க்கரையும் மருந்தும் எடுத்துக் கொண்டு, மாலைதோறும் பாதங்களைப் பார்த்துக் கொண்டு சென்றால் அன்னை அதனைக் குறையாகக் கொள்ளமாட்டார். காலில் புண் உள்ளவர்கள் பேருந்தில் செல்வதே சரி.

நம்மிடையே உள்ள தோழிக்காக

நவம்பர் 14ஆம் நாளைக் குழந்தைகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதே நாள் உலக நீரிழிவு தினமுமாகும். அது இன்சுலினைக் கண்ட பான்டிங் பிறந்த நாள். குழந்தைகளுக்கும் இந்நோய் உண்டு என்பதை அந்த நாள் நினைவூட்டுகிறது. முதல் வகை நீரிழிவு இனிப்பு தின்றதால் வருவதன்று, தொற்றுவதும் இல்லை. அந்த மாணவி செய்த தவறு எதுவும் இல்லை. ஆயினும் "உனக்குச் சர்க்கரை, நீ விளையாடாதே" என்று மரத்தடியில் உட்கார வைத்துவிடுகிறோம்.

பாகிஸ்தான் நாட்டுப் பந்துவீச்சாளர் வாசிம் அக்ரமுக்கு 1997ஆம் ஆண்டு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. இன்சுலின் போட்டுக் கொண்டே அவர் பல ஆண்டுகள் ஆடினார். அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் 1999ஆம் ஆண்டு முதல் வகை நீரிழிவுக்கு ஆளானார். அடுத்த ஆண்டே சிட்னி ஒலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். 2004ஆம் ஆண்டு ஏதென்சிலும் வென்றார். எனவே விளையாட்டு வகுப்பு இவர்களுக்கும் உரியதே. விளையாடுமுன் சர்க்கரையைப் பார்த்து, வேண்டுமானால் சிறிது உண்டு, பையில் குளுக்கோஸ் வைத்துக் கொள்ள வேண்டும். ஓடப் போகும் முன் தொடையில் இன்சுலின் போட்டால் அது விரைவாக இரத்தத்தில் கலந்துவிடும். இதனையும் டாக்டரிடம் கேட்டறிய வேண்டும். பெற்றோர் நோயை மறைக்காமல் தலைமை ஆசிரியையிடமும் விளையாட்டு ஆசிரியையிடமும் கூற வேண்டும். உடனிருக்கும் தோழி தாழ்சர்க்கரையின் அறிகுறிகளைத் தெரிந்திருக்க வேண்டும். அவள் சர்க்கரையை எடுத்து வாயில் போட்டால், "சர்க்கரை நோய்க்காரி சர்க்கரை தின்கிறாளே!" என்று நகைக்கலாகாது. அச்சமயத்தில் அதுவே அவளுக்கு மருந்து.

அன்பு மாணவியரே, நாம் எல்லோரும் டாக்டராகப் போவதில்லை. ஆனால் இந்த விடுமுறையிலேயே ஒரு மருத்துவப் பணியைத் தொடங்கலாம். வீட்டிலுள்ள நாள்காட்டியில், நடந்த நாளுக்கு ஒரு குறி இடுவோம். இரண்டு நாட்கள் குறியின்றி இருந்தால் மூன்றாம் நாள், "அம்மா, வாருங்கள்" என்று கைப்பிடித்து அழைப்போம். தாத்தாவின் வேகத்திற்கு நம் வேகத்தைக் குறைத்துக் கொண்டு உடன் நடப்போம். அவர் பாதத்தைப் பார்ப்போம். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறதா என்று கேட்போம். உடன் நடக்க ஒருவர் இருந்தால் அவர்கள் நடையை விடமாட்டார்கள், நாமும் நடந்திருப்போம். நாளை நமக்கு வரக்கூடிய நோயை இன்றே சற்றுத் தள்ளி நிறுத்தியும் இருப்போம்.